ஷீட்டை அறுக்கும்போது பறக்கும் தூசி: மலையூர்க் கூரைகளும் கல்நார் புற்றுநோயும்

ஆடிக் காற்று அடங்கியதும் நீலகிரியின் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கத்து ஊர்களில் கட்டிங் மெஷின் சத்தம் கேட்கத் தொடங்கும். சில்வர் ஓக் கிளை விழுந்து உடைந்த கூரைக்குப் புது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடும் வேலை. மேலே உட்கார்ந்திருப்பவர் அளந்து அறுக்கிறார். வெள்ளைத் தூசி புகை மாதிரி எழும்பி அவர் முகத்தில் அடிக்கிறது. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. கீழே நிற்கும் பையன் வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறான்.

இந்த ஷீட்டைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. 'ஷீட் வீட்டில் படுத்தாலே கேன்சர்' என்பது ஒன்று. 'எங்க தாத்தா காலத்திலிருந்து ஷீட்டுக்குக் கீழேதான் இருக்கோம், யாருக்கு என்ன ஆச்சு?' என்பது இன்னொன்று. இரண்டும் கூரைக்குக் கீழே இருப்பவரைப் பற்றியே பேசுகின்றன. கூரைக்கு மேலே இருப்பவரை யாரும் கேட்பதில்லை. ஆபத்தில் பெரும்பங்கு அவருக்குத்தான். அதைப் புரிந்துகொள்ள, அந்தத் தூசிக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்லுக்குள் நார்

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். பொருத்தமான பெயர். பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் கனிமம்தான். ஆனால் உடைத்தால் பஞ்சு போலப் பிரிந்து வரும். ஆறு கனிமங்களுக்கு இந்தப் பொதுப்பெயர் உண்டு. அவற்றில் வெள்ளைக் கல்நார் எனப்படும் கிரைசோடைல் ஒரு வகை. நீலக் கல்நார், பழுப்புக் கல்நார் உள்ளிட்ட மற்ற ஐந்தும் ஆம்பிபோல் என்ற இன்னொரு வகை. இன்று நம் கடைகளில் கிடைக்கும் கூரை ஷீட்டில் இருப்பது வெள்ளைக் கல்நார். ஷீட்டின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அது. மீதி சிமெண்ட், அனல் மின் நிலையச் சாம்பல் போன்றவை. இந்தியாவில் கல்நார் வெட்டுவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. உலகிலேயே அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு நாம்தான்.

மலைக்கு இந்த ஷீட் ஏன் பிடித்துப்போனது என்பதும் புரியக்கூடியதே. தகரம் மலை ஈரத்தில் துருப்பிடிக்கும். மழை விழுந்தால் வீட்டுக்குள் பேச முடியாது. பனிக்காலத்தில் உள்பக்கம் வேர்த்துச் சொட்டும். மங்களூர் ஓட்டைக் காற்று தூக்கிவிடும். சிமெண்ட் ஷீட்டுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு, விலையும் குறைவு. எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள், மாட்டுக் கொட்டகை, உருளைக்கிழங்கு வைக்கும் கிட்டங்கி, பள்ளிக்கூடம், சைக்கிள் ஸ்டாண்ட் என்று எல்லாவற்றுக்கும் அது கூரையாகிவிட்டது.

நார் உள்ளே போய் என்ன செய்கிறது

மற்ற தூசிக்கும் கல்நார்த் தூசிக்கும் வித்தியாசம் உடையும் விதத்தில் இருக்கிறது. மண்ணையோ மரத்தையோ அரைத்தால் துகள் சின்னதாகி உருண்டையாகும். கல்நாரை அரைத்தால் நீளவாட்டில் பிளக்கும், தேங்காய் நாரைப் பிரிக்கப் பிரிக்க மெல்லிசாவது மாதிரி. கடைசியில் மிஞ்சும் இழையைக் கண்ணால் பார்க்க முடியாது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஆபத்தான இழை என்று கணக்கெடுக்கப்படுவதோ 3 மைக்ரானுக்கும் குறைவான தடிமனும் 5 மைக்ரானுக்கு மேல் நீளமும் உள்ளது. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் புகை அடங்கிய பிறகும் இந்த இழைகள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும்.

இவ்வளவு மெல்லிய இழை மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நேராக நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடும். அங்கே துப்புரவு வேலை பார்ப்பவை விழுங்கு செல்கள். கிருமியோ தூசியோ வந்தால் சுற்றி வளைத்து விழுங்கிக் கரைத்துவிடும். ஆனால் கல்நார் இழை அந்தச் செல்லைவிட நீளமாக இருக்கலாம். பாதி விழுங்கிய நிலையில் செல் திணறுகிறது, சாகிறது; சாகும்போது கரைக்க வைத்திருந்த ரசாயனங்களைச் சுற்றிலும் கொட்டுகிறது. அடுத்த செல் வருகிறது, அதற்கும் இதே கதி. இழை அப்படியே இருக்கிறது. இந்த அழற்சி வருஷக்கணக்கில் ஓயாமல் நடக்கும்போது பக்கத்துத் திசு தழும்பாகிறது, செல்களின் மரபணுவில் சேதம் சேர்கிறது. சில இழைகள் நுரையீரலைத் துளைத்து அதைச் சுற்றியுள்ள உறைக்கும் போய்ச் சேருகின்றன.

இதனால் வரும் நோய்களை இப்படிப் பிரிக்கலாம்:

1. உறைத் தழும்பு. நுரையீரல் உறை அங்கங்கே தடித்திருக்கும். பெரும்பாலும் தொல்லை இருக்காது. ஆனால் எக்ஸ்ரேயில் தெரிந்தால், இவர் எப்போதோ கல்நார்த் தூசியைச் சுவாசித்தவர் என்பதற்கு அடையாளம்.

2. ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் முழுக்கத் தழும்பேறி விறைத்துப்போவது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கும், பிறகு சமதரையிலும் வாங்கும். அதிகத் தூசியில் பல வருஷம் வேலை செய்தவர்களுக்கு வருவது. இது புற்றுநோய் இல்லை. ஆனால் திரும்பிச் சரியாவதும் இல்லை.

3. நுரையீரல் புற்றுநோய். புகையால் வருவதற்கும் கல்நாரால் வருவதற்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. அதனால்தான் பழியெல்லாம் பீடி மேல் போய்விடுகிறது.

4. மீசோதெலியோமா. நுரையீரல் உறையிலோ வயிற்று உறையிலோ வரும் அரிய புற்றுநோய். இதற்குப் புகைப்பழக்கம் காரணமில்லை. பெரும்பாலான நோயாளிகளின் பழைய வாழ்க்கையைத் தோண்டினால் கல்நார் தட்டுப்படும். கண்டுபிடித்தபின் பலர் ஓராண்டு அளவே வாழ்கிறார்கள்.

குரல்வளை, சினைப்பைப் புற்றுநோய்களுக்கும் கல்நார் காரணமாகும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதி செய்திருக்கிறது. பணியிடக் கல்நாரால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வேலையால் வரும் புற்றுநோய்ச் சாவுகளில் பெரும்பகுதி இது ஒன்றுதான்.

இன்னொரு முக்கியமான விஷயம் காலம். புற்றுநோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். 'யாருக்கு என்ன ஆச்சு' என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இருபது வயதில் ஷீட் அறுத்தவருக்கு அறுபதில் நெஞ்சில் நீர் கோக்கும்போது, அந்த ஷீட் யாருக்கும் ஞாபகம் வராது.

எவ்வளவு தூசி, எத்தனை வருஷம்

ஆபத்தை அளக்க இரண்டு எண்கள் வேண்டும்: காற்றில் எத்தனை இழை, அந்தக் காற்றில் எத்தனை வருஷம். இரண்டையும் பெருக்கினால் வருவது மொத்த அளவு. ஒரு மில்லி லிட்டர் காற்றில் 1 இழை உள்ள இடத்தில் 25 வருஷம் வேலை செய்தாலும், 5 இழை உள்ள இடத்தில் 5 வருஷம் வேலை செய்தாலும் கணக்கு 25 தான். இந்த 25 என்ற அளவில் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்பது 1997-ல் ஹெல்சிங்கியில் கூடிய நிபுணர்கள் வகுத்த அளவுகோல்.

அமெரிக்காவில் 1994 முதல் பணியிட வரம்பு மில்லி லிட்டருக்கு 0.1 இழை. கேட்கச் சின்ன எண். ஆனால் 8 மணி நேர வேலையில் ஒருவர் சுமாராக 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார், அதாவது 1 கோடி மில்லி லிட்டர். வரம்புக்கு உட்பட்ட காற்றிலேயே ஒரு நாளைக்கு 10 லட்சம் இழைகள் மூக்கைத் தாண்டுகின்றன. வரம்பு என்பது 'இதற்குக் கீழே ஆபத்தில்லை' என்று போட்ட கோடு இல்லை என்பதற்காக இந்தக் கணக்கு. பாதுகாப்பான அளவு என்று எதுவும் நிறுவப்படவில்லை. மீசோதெலியோமா குறைந்த அளவிலும் வந்திருக்கிறது. லண்டனில் 1960-களில் செய்த ஆய்வில், ஆலைக்குள் காலே வைக்காத, தொழிலாளியின் தூசித் துணியைத் துவைத்த வீட்டாருக்கும் அது வந்தது தெரிந்தது.

இதே கணக்கு பயத்தை இன்னொரு பக்கம் தணிக்கவும் செய்யும். முழுசாக, உடையாமல், மேலே கிடக்கிற ஷீட்டில் நார் சிமெண்டுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே தூங்குபவர் சுவாசிப்பது, அதை மெஷினில் அறுப்பவர் ஒரு மணி நேரத்தில் சுவாசிப்பதோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. கூரைத் தண்ணீரைப் பிடித்துக் குடிப்பது பற்றியும் பலர் கேட்கிறார்கள். வயிற்றுக்குள் போகும் இழையால் கேடு என்பதற்கு நிலையான ஆதாரம் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. மூச்சு வழிதான் கவலைக்குரிய வழி.

பீடியும் சேர்ந்தால்

அமெரிக்காவில் குழாய்களுக்கும் பாய்லர்களுக்கும் கல்நார் உறை போடும் தொழிலாளர்களை வைத்து 1979-ல் வெளியான ஒரு கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள்: கல்நாரும் புகையும் இல்லாதவர்களில் 11, கல்நார் மட்டும் 58, புகை மட்டும் 123, இரண்டும் சேர்ந்தவர்களில் 602. கூட்டினால் இந்த எண் வராது, ஏறக்குறைய பெருக்கிக்கொள்கிறது. ஷீட் வேலை செய்பவர் பீடியை நிறுத்தினால் கிடைக்கும் லாபம் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிட அதிகம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மீசோதெலியோமாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மலையில் யார் யாருக்கு

1. கூரை வேலை செய்பவர், எஸ்டேட் தச்சர். நாலு ஷீட் சேரும் இடத்தில் மூலையைச் சாய்த்து வெட்ட வேண்டும். ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட்டுக்கு ஓட்டை போட வேண்டும். முகட்டில் அளவு குறைக்க வேண்டும். கை ரம்பத்தில் அறுத்த காலத்தில் பறந்த தூசியைவிடச் சுழலும் கட்டிங் வீல் பல மடங்கு கிளப்புகிறது. வேலை வேகமாகிவிட்டது, தூசியும்தான். தமிழ்நாட்டு மலைகளில் கல்நார் பற்றிப் பேசவேண்டிய முதல் கருவி இந்த மெஷின் என்பது என் கணிப்பு.

2. பாசி சுரண்டுபவர். இது மலைக்கே உரிய ஆபத்து. சமவெளியில் ஷீட் காய்ந்து கிடக்கும். இங்கே ஆண்டு முழுக்க ஈரம், மேலே பாசியும் மரப்பாசியும் அடையாகப் படரும். மழையும் உறைபனியும் சிமெண்ட் மேற்பரப்பை அரித்து நாரை வெளியே காட்டிவிடும். குந்தா வட்டாரத்து மழை எப்படிப்பட்டது என்பதற்கு, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்ததே சாட்சி. அப்படி அரித்த ஷீட்டை வெயில் நாளில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பது, நாரைச் சீவி மூச்சில் விடுவதற்குச் சமம்.

3. பழைய கட்டடம் இடிப்பவர். ஷீட்டைச் சம்மட்டியால் தட்டிக் கீழே தள்ளுவது வழக்கமாக இருக்கிறது. இறக்கும் கூலி மிச்சம்.

4. பாய்லர், ஹீட்டர் வேலை. டீ ஃபேக்டரிகளில் இலையை உலர்த்தச் சூடான காற்று வேண்டும். உலைக் கதவுக்குச் சுற்றும் கயிறு, குழாய் மூட்டில் வைக்கும் கேஸ்கெட், நீராவிக் குழாய் மேல் பூசும் உறை எல்லாம் ஒரு காலத்தில் உலகம் முழுக்கக் கல்நாரில்தான் செய்யப்பட்டன. நீராவி ரயில் எஞ்சின்களும் அப்படித்தான். ஷீட்டைப் போல இவை சிமெண்டில் பூட்டப்பட்டவை இல்லை, காய்ந்து பொடியாகும். பழைய உறையைப் பிய்ப்பது ஷீட் அறுப்பதைவிட மோசமான வேலை.

5. பிரேக் மெக்கானிக். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் இறங்கும் வண்டியின் பிரேக் லைனர் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய லைனர்களில் கல்நார் இருந்தது, விலை குறைந்த சிலவற்றில் இன்னமும் இருக்கலாம். இதில் ஒரு நியாயமும் பேச வேண்டும்: பிரேக் சூட்டில் நாரின் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடுகிறது, மெக்கானிக்குகளிடம் மீசோதெலியோமா கூடியிருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டவில்லை. புது லைனரை அரத்தால் ராவுவதும், டிரம்மைக் காற்றடித்து ஊதுவதும்தான் தவிர்க்க வேண்டியவை. ஈரத் துணி போதும்.

வெள்ளைக் கல்நார் நல்லதா?

ஷீட் தரப்பினர் வைக்கும் வாதம் இது: நீலமும் பழுப்பும்தான் கொடியவை, வெள்ளை நுரையீரலில் சீக்கிரம் கரைந்துவிடும். பாதி உண்மை. மீசோதெலியோமாவைப் பொறுத்தவரை ஆம்பிபோல் வகைகள் பல மடங்கு வீரியமானவை என்பதில் சண்டை இல்லை. ஆனால் ஆறு வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்பதே சர்வதேச முகமையின் முடிவு. வெள்ளைக்கு விலக்கு தரவில்லை. பிரிட்டன் 1999-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும், நீண்ட காலம் நமக்கே கல்நார் விற்ற கனடா 2018-லும் தடை செய்தன. அமெரிக்கா 2024-ல் வெள்ளைக் கல்நாரைத் தடை செய்து விதி வெளியிட்டது. குறைவான விஷம் என்பதை விஷமில்லை என்று படிப்பதில்தான் தவறு.

ஏன் கணக்கில் வருவதில்லை

சட்டத்தில் நோய் இருக்கிறது. ஆஸ்பெஸ்டோசிஸ் 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. 1923-ன் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதெலியோமாவும் இருந்தன. 2025 நவம்பரில் இந்த இரண்டு சட்டங்களுக்கும் பதிலாக வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்த நோய்கள் உள்ளன. நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கல்நார் ஆலைகள் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை அவர் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. நோயின் காலத்தைப் புரிந்துகொண்டு போட்ட உத்தரவு அது.

ஆனால் கவனியுங்கள், எல்லாம் ஆலைக்குத்தான். ஷீட் செய்யும் இடத்துக்குப் பதிவேடு உண்டு. ஷீட்டை அறுக்கும் இடத்துக்கு இல்லை. ஆலை என்று ஒன்று இருந்தால்கூடத் தொழிலாளிக்கு நியாயம் கிடைக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைப் பழனி மலையில் பார்த்தோம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. பாதரச பாதிப்பு தொடர்பாக முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு வந்தது 2016-ல். அங்கே ஒரு முதலாளி, ஒரு வாசல், வேலை பார்த்தவர்களின் பட்டியல் என்று எல்லாம் இருந்தன. பண்ணைக்காட்டில் இரண்டு நாள், தாண்டிக்குடியில் ஒரு வாரம் என்று கூரை வேய்கிறவருக்கு யார் முதலாளி? எஸ்டேட்டில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடாவது இருக்கும். அதிலும் 'கூரை வேலை' என்று எழுதியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

மருத்துவமனையிலும் இழப்பு நேர்கிறது. இருமல், எடை குறைவு, நெஞ்சில் நீர் என்றால் முதலில் காசநோய் என்று நினைப்பது நம் ஊரில் நியாயமே. மருந்து கொடுத்தும் குறையாவிட்டால், 'முன்னே என்னென்ன வேலை பார்த்தீங்க?' என்ற கேள்வி வர வேண்டும். வராவிட்டால் நோயாளியே சொல்லலாம்: எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, ஷீட் அறுத்தேனா, பாய்லர் உறை பிய்த்தேனா என்று. சி.டி. ஸ்கேனும் உறைத் திசுப் பரிசோதனையும் அதற்கப்புறம் நடக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையை விடாமல் புதுப்பித்து வைத்திருப்பதற்கு இது இன்னொரு காரணம். தொழில் இன்னது என்று சொல்லும் காகிதம் பலரிடம் அது ஒன்றுதான்.

வேலை செய்தே ஆக வேண்டும் என்றால்

1. முடிந்தவரை அறுக்காதீர்கள். ஷீட் பல நீளங்களில் வருகிறது. கூரையை அளந்துவிட்டு வாங்கினால் பாதி அறுப்பு மிச்சம்.

2. அறுப்பதைத் தரையில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று, கை ரம்பத்தால் செய்யுங்கள். முதுகு காட்டினால் தூசி சுழன்று முகத்துக்கே வரும். ஷீட்டை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரில் துளி சோப்பு கலந்தால் நன்றாக ஊறும்.

3. துண்டும் துணி மாஸ்க்கும் இந்த இழைக்குச் சல்லடை மாதிரி. கொரோனா காலத்து என்95 ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை, போதாது. பி100 அல்லது எஃப்எஃப்பி3 தரத்து வடிகட்டி வேண்டும், தாடியில்லாத முகத்தில் ஒட்டி நிற்க வேண்டும்.

4. விளக்குமாறு கூடாது. ஈரத் துணியால் துடையுங்கள். வேலைத் துணியை உதறாமல் நனைத்துத் தனியாகத் துவைக்க வேண்டும்.

5. பாசி பிடித்த ஷீட்டில் காலை வைக்கும் முன் பலகை போடுங்கள். நாற்பது வருஷம் கழித்து வரும் நோயைப் பற்றி இவ்வளவு பேசும்போது, இற்றுப்போன ஷீட் உடைந்து கீழே விழுந்து அன்றைக்கே சாகிறவர்களை மறக்கக் கூடாது.

அப்புறம், கூரையை மாற்றலாமா?

உடையாத, பொடி உதிராத ஷீட்டை அவசரமாகப் பிடுங்குவதால் தூசி கூடுமே தவிரக் குறையாது. பாசியை நனைத்து மென்மையாக நீக்கி மேலே பெயிண்ட் பூசி விடலாம். விளிம்பு பஞ்சு மாதிரி பிரிந்தோ, விரிசல் விட்டோ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்க வேண்டும். புதிதாகப் போடுபவர்களுக்குக் கலர் ஷீட் இருக்கிறது, செல்லுலோஸ் நாரும் செயற்கை நாரும் கலந்த கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட்டும் இருக்கிறது. பார்வைக்கு எது எது என்று பிரிக்க முடியாது. நுண்ணோக்கிப் பரிசோதனை மட்டுமே சொல்லும், அதனால் பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

இறக்கிய ஷீட் எங்கே போகிறது என்பது தனிக் கேள்வி. இப்போது அது பெரும்பாலும் மலையை விட்டு இறங்குவதில்லை. நல்லது பாதி விலைக்கு மாட்டுக் கொட்டகைக்குப் போய் மறுபடி அறுபடுகிறது. உடைந்தது காய்கறித் தோட்டத்துக்கு வரப்பாகிறது, சேற்றுப் பாதையில் மிதிபடுகிறது, ஓடையில் கொட்டப்படுகிறது. நனைத்து, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, அபாயக் கழிவாகக் கீழே கொண்டுபோக வேண்டிய பொருள் அது. அரசோ எஸ்டேட்டோ கூரை மாற்றப் பணம் ஒதுக்கும்போது புது ஷீட்டுக்கும் கூலிக்கும் கணக்குப் போடுகிறார்கள். பழைய ஷீட்டை இறக்கிச் சுற்றிக் கீழே அனுப்பும் செலவுக்கு அந்த மதிப்பீட்டில் ஒரு வரி இருக்கிறதா என்று டெண்டர் போடும் முன் பார்க்க வேண்டும்.